ஏழு மணிக்கு மேல் ஊற்றிய பால்

தொட்டகானூர் பால் சொசைட்டியில் கீழ்த்தெருக்காரனுக்கு ஒரு அளவு, கொல்லைக்காரனுக்கு ஒரு அளவு என்று பேச்சு கிளம்பிப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தளி ரோட்டு டீக்கடையில் பிறந்த பேச்சு முள்ளங்கி ஏற்றிய டெம்போவில் ஏறி ஓசூர் மார்க்கெட் வரைக்கும் போய்த் திரும்பி, கடைசியாகத்தான் மாதேஸ்வரியின் காதுக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக வந்ததற்குக் காரணம் உண்டு. அவள் முனிராஜின் பெண்டாட்டி. முனிராஜ்தான் சொசைட்டியில் பால் அளக்கிறவன்.

அளப்பது என்றால் லிட்டர் மட்டும் இல்லை. கேனிலிருந்து ஒரு சின்னக் கப்பில் பாலெடுத்து மெஷினின் குழாய்க்கு அடியில் வைக்க வேண்டும். மெஷின் உர்ரென்று உறிஞ்சும். அரை நிமிஷத்தில் சிவப்பு எழுத்தில் ஃபேட் எவ்வளவு என்று நம்பர் வரும். நாலு புள்ளி ஒன்று, மூன்று புள்ளி எட்டு என்று. அந்த நம்பரை வைத்துத்தான் பாலுக்கு விலை. ஆகவே அந்த நம்பரைச் சொல்கிறவன் வாய்க்கு ஊரில் ஒரு கனம் உண்டு.

முனிராஜின் அப்பனும் தாத்தனும் நிலபுலம் உள்ள கொல்லைக்காரர் வீட்டு மாட்டுக்குச் சாணி அள்ளிப் பிழைத்தவர்கள். முனிராஜ் பன்னிரண்டாவது முடித்து, பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலீஷ் போடும் பட்டறையில் ஆறு வருஷம் தூசி தின்று, இருமலோடு ஊர் திரும்பினான். நாலு வருஷத்துக்கு முன் சொசைட்டித் தலைவர் சென்னகிருஷ்ணன் அவனைக் கூப்பிட்டு ரூம் சாவியைக் கொடுத்தார். கீழ்த்தெருவிலிருந்து அந்தச் சாவியைத் தொட்ட முதல் ஆள் அவன். “எங்க பாலுக்கு இவன் நம்பர் சொல்றதா?” என்று இரண்டு மூன்று பேர் முகம் சுளித்தார்கள். பிறகு, அவன் அளவு ஒழுங்காக இருந்ததால், வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாய்தான் இப்போது ஒரேயடியாகத் திறந்துகொண்டது.

திறந்து வைத்தவர் கங்கப்பன். ஏரிக்கு அந்தப் பக்கம் கொல்லையிலேயே வீடு கட்டி இருக்கிறவர். நாலு கறவை மாடு. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பன்னிரண்டு நாளுக்கு முன் ஒரு காலையில் அவர் பாலுக்கு மெஷின் மூன்று புள்ளி மூன்று என்றது.

“ஏனு? மூணு மூணா? நேத்து சாயந்தரம் நாலு ஒண்ணு. ராத்திரியில என் மாடு தண்ணிய மட்டும் குடிச்சுச்சா?”

“மெஷின் சொல்றதுதாண்ணா. நான் என்ன பண்ணட்டும்?”

“மறுக்கா வை.”

முனிராஜ் மறுபடி வைத்தான். நாலு புள்ளி நாலு வந்தது.

கங்கப்பன் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “நோடுங்கப்பா. கத்தினா ஏறுது. கத்தலேன்னா எறங்குது. மெஷினுக்கு என் குரல் கேக்குமா? இல்ல இவன் கைக்குக் கேக்குதா?”

அன்றிலிருந்து நம்பர் குறைந்த கொல்லைக்காரர் எல்லோரும் இரண்டு தடவை வைக்கச் சொன்னார்கள். இரண்டு தடவையும் இரண்டு நம்பர் வந்தது. கீழ்த்தெருக்காரர் பாலை எத்தனை தடவை வைத்தாலும் ஒரே நம்பர். சாயந்தரப் பாலில் யாருக்கும் தகராறு இல்லை. வேலியே பயிரை மேய்கிறது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? சென்னகிருஷ்ணன் நல்ல மனுஷர்தான். ஆனால் தலைவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று அறிவித்துவிட்டார். அதற்குள் இது எதனால் என்று முனிராஜ் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட வேண்டும்.

முனிராஜ் மெஷின் மெக்கானிக்குக்குப் போன் போட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் வருவதாகச் சொன்ன ஆள், ராயக்கோட்டையில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வருகையில் சானமாவுக் காட்டருகே மாட்டிக்கொண்டார். யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறதென்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். பத்துப் பேர் பாலை வைத்துப் பார்த்தார். நம்பர் ஒன்றுகூடப் பிசகவில்லை. ‘மெஷின் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். உதவிக்கு வந்த காகிதம் முனிராஜுக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது.

மிச்சம் இருந்தது கரண்ட் பெட்டி ஒன்றுதான்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவள் மாதேஸ்வரி. ஐப்பசியில் ஒரு இடி விழுந்து, மெஷினோடு வந்த பழைய அடாப்டரும் ரூமின் டியூப்லைட்டும் சேர்ந்து போய்விட்டன. அவள் வேலை செய்வது அப்படிப்பட்ட பெட்டி செய்கிற இடத்தில்தான். ஓசூர் சிப்காட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். பதினோரு பேர். முதலாளி ஹரீஷ்குமார், பர்கூர் காலேஜில் என்ஜினியரிங் படித்த பையன், அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவள் கேட்டதும், “சாம்பிள் பீஸ் ஒண்ணு கெடக்குதுக்கா, எடுத்துக்குங்க” என்றான். பன்னிரண்டு வோல்ட் பெட்டி. மெஷினுக்குப் பொருந்தியது. முனிராஜ் அதே பெட்டியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, ஆட்டோக்காரர் ஒட்டுகிற எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்றையும் ரூமுக்குப் போட்டுக்கொண்டான். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

ஷெட்டில் மாதேஸ்வரியின் வேலை கடைசி டெஸ்ட். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. சுவரிலிருந்து வருகிற கரண்ட் ஏறி இறங்கித் துள்ளிக்கொண்டு வரும். பெட்டி அதைத் துள்ளாத நேர்க்கரண்டாக்கித் தர வேண்டும். எவ்வளவு கிண்டினாலும் களியில் சின்னக் கட்டி ஒன்றிரண்டு நிற்பதுபோல, நேர்க்கரண்டிலும் கொஞ்சம் துள்ளல் நிற்கும். அதற்கு ரிப்பிள் என்று பெயர். அவர்கள் பெட்டிக்கு நூற்றிருபது மில்லிவோல்ட் வரைக்கும் இருக்கலாம். அதற்கு மேல் போனால் அவள் தூக்கிச் சிவப்பு டிரேயில் போட்டுவிடுவாள். ஏழு வருஷத்தில் அவள் பாஸ் போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன, உழைத்துச் சேர்த்த கர்வம்தானே.

புதன்கிழமை காலைப்பால் முடிந்ததும் முனிராஜ் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தான். “சாயந்தரத்துக்குள்ள எடுத்துக்கினு வந்துரு” என்றான்.

அவள் அதைத் தன் மேஜையில் வைத்து, ஃபுல் லோடு, அதாவது பெட்டி தாங்குகிற மொத்த வேலையையும் கொடுத்து, கரண்டின் துள்ளலைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பின் முனையைத் தொட்டுப் பார்த்தாள். திரையில் பச்சைக் கோடு ஆடாமல் அசையாமல் நின்றது. நாற்பத்திரண்டு மில்லிவோல்ட். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. தட்டிப் பார்த்தாள், சூடேற்றிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று. இதைவிடச் சுத்தமான பெட்டி ஷெட்டிலேயே இல்லை.

சாயந்தரம் சொசைட்டி வாசலில் அவனிடம் கொடுத்தாள்.

“பெட்டி சரியாக் கீதா?”

“சரியாத்தான் கீது, மாமா. ரிப்பிள் நாப்பத்திரண்டுதான். ஒண்ணரை மாசமா ஓடுது, அப்பல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லா பாத்தியா?”

“ஏழு வருசமா இதத்தான பாத்துக்கினு இருக்கறேன்.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனான். அவள் வீட்டுக்கு வந்து அவரைக்காய் உரித்தாள். பனி இறங்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் அவரை வாசனைதான். உரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு எண்ணம் எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது. மெஷின் சரி. பெட்டி சரி. பெட்டி சரி என்று சொன்னது வேறு யாருமில்லை, அவளேதான். அப்படியானால்?

அவள் அந்த எண்ணத்தை முடிக்கவில்லை. முடிக்காவிட்டால் போய்விடுமா என்ன. களியை உருட்டித் தட்டில் வைக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். கங்கப்பன் குடும்பத்தின் மேல் அவனுக்குப் பழைய ஆத்திரம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அவனுடைய அப்பனை அந்த வீட்டுக் களத்தில் வைத்து ஒருதரம் அடித்திருக்கிறார்கள். மனுஷன் எதையும் மறப்பதில்லை, மறந்த மாதிரி இருக்கிறான். அவள் தட்டில் களி தொடாமல் கிடந்தது.

“என்ன, துன்னாம பாத்துக்கினே இருக்கற?”

“ஒண்ணுமில்ல மாமா. காரம் தூக்கலாப் போச்சு.”

வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று. அவள் ஷெட்டில் எண்பது பெட்டி டெஸ்ட் செய்தாள். எண்பதும் பாஸ். ஒவ்வொன்று பாஸ் ஆகும்போதும், இதாவது ஃபெயில் ஆகாதா என்று மறுபடி முனையை வைத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நஞ்சம்மா பக்கத்தில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போகிறவள். விடியுமுன்னே முதல் ஆளாகப் பால் ஊற்றிவிட்டு வந்திருந்தாள்.

“ஏன்டி மொகத்த தொங்கப் போட்டுக்கினு இருக்கற? நம்மாளு ஒண்ணும் தப்புப் பண்ணலயே.”

“பண்ணலக்கா.”

“பண்ணினாத்தான் என்ன? எத்தினி காலம் அவுங்க நம்மள அளந்தாங்க. கூலித் தானியத்த மரக்காலக் கவுத்துப் போட்டு அளந்தாங்கடி எங்க மாமனாருக்கு. இப்ப நம்ம புள்ள அளக்கறான். கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். தெருவுல எல்லாத்துக்கும் சந்தோசந்தான், வெளிய சொல்லிக்க மாட்டாங்க.”

எதிராளி திருடன் என்று சொன்னால் சண்டை போடலாம். சொந்தத் தெருவே திருடன் என்று நம்பி முதுகில் தட்டிக்கொடுத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? கூடவே தன் மேலும் அவளுக்கு வெட்கமாக வந்தது. நஞ்சம்மா வாய்விட்டுச் சொன்னதை அவள் வாயை மூடிக்கொண்டு நினைத்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஷெட்டுக்குப் போனதும் நேராக ஹரீஷ்குமாரிடம் நின்றாள்.

“சார், அந்தக் கை ஸ்கோப்பு ரெண்டு நாளைக்கு வேணும்.”

“எதுக்குக்கா? பெட்டிதான் பாஸாயிருச்சுன்னீங்களே.”

“இங்க பாஸாயிருச்சு. அங்க என்ன பண்ணுதுன்னு பாக்கணும்.”

“இங்க ஒண்ணு அங்க ஒண்ணாக் காட்டாதுக்கா” என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். 

அன்று சாயந்தரம் சொசைட்டியில் வரிசை நகர்ந்துகொண்டிருக்க, அவள் மூலையில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து கரண்ட் வெளியே வரும் கம்பியில் ஸ்கோப்பை மாட்டினாள். மாட்டியதும் திரையில் முள்முள்ளாக எழுந்தது. முந்நூற்றுப் பத்து. அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. தான் பாஸ் போட்ட பெட்டி கெட்டுப்போயிருக்கிறது என்று சந்தோஷப்பட்ட டெஸ்ட்காரி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“மாமா, பெட்டிதான். பெட்டிதான் கெட்டிருக்குது.”

முனிராஜ் கப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தான். அவன் கண்ணில் உயிர் வந்தது. பிறகுதான் அவள் பார்வை ஸ்கோப்பின் எர்த் கிளிப்பில் விழுந்தது. ஒரு ஜாண் நீள ஒயர் வளைந்து தொங்கியது. அப்படி வளைந்து தொங்கினால் அது ஏரியல் மாதிரி காற்றில் இருக்கிற இரைச்சலை எல்லாம் பிடித்துக் காட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம். அவசரத்தில் அவளே மறந்திருந்தாள். ஒயரைக் கழற்றிவிட்டு, முனையை ஒட்டினாற்போல் சின்ன ஸ்பிரிங்கைப் போட்டுத் தொட்டாள்.

நாற்பத்தைந்து.

“என்னா ஆச்சு?”

“இல்ல மாமா. நான்தான் தப்பாப் புடிச்சேன். பெட்டி சரியாத்தான் கீது.”

அவன் திரும்பிப் போய்க் கப்பை எடுத்துக்கொண்டான். அன்றைக்குக் கடைசியாக வந்த கங்கப்பனுக்கும் நாலு புள்ளி பூஜ்ஜியம் என்று ஒழுங்காக வந்தது. அவர் அவளையும் அவள் கையிலிருந்த கருவியையும் ஏற இறங்கப் பார்த்தார். “ஓ, இப்ப புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்துக்கினீங்களா” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் சனிக்கிழமை. அவள் ஷெட்டுக்கு லீவு சொன்னாள். காலை ஆறே காலுக்கு முனிராஜோடு போய் அதே மூலையில் உட்கார்ந்தாள். வெளியே பனி. கீழ்த்தெருப் பெண்கள் முக்காட்டோடு வந்து ஊற்றிவிட்டுக் கம்பெனிக்கும் பண்ணைக்கும் ஓடினார்கள். பட்டை விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் நம்பர்கள் வந்துகொண்டிருந்தன. ஸ்கோப்பில் கோடு அப்படியே கிடந்தது. நாற்பத்தைந்து, நாற்பத்து நாலு.

ஏழு மணிக்குக் கிழக்கு வாசல் வழியாக வெயில் உள்ளே வந்தது. கொல்லைகளிலிருந்து பைக்குகளில் கேன்கள் வர ஆரம்பித்தன. அப்போது திரையில் கோடு திடீரென்று தவளை மாதிரி துள்ளியது. கொஞ்சம் படுத்திருக்கும், எம்பும், மறுபடி படுக்கும். அறுநூறு மில்லிவோல்ட். மாதேஸ்வரி தன் கைதான் பட்டுவிட்டதென்று ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தாள். துள்ளல் நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் கங்கப்பனின் கேன் வந்து இறங்கியது. மூன்று புள்ளி இரண்டு.

“இன்னிக்கு மூணு ரெண்டு. சரி, மறுக்கா வை.”

நாலு புள்ளி ஆறு.

அந்த ஆள் வந்த நேரத்தில்தான் துள்ளுகிறது. அவர் சட்டைப் பையில் போன் இருந்தது.

“அண்ணா, ஒரு நிமிசம் போன வெளிய வெச்சுட்டு வர்றீங்களா?”

“எதுக்கு?”

“செக் பண்ணத்தாண்ணா.”

வைத்துவிட்டு வந்தார். துள்ளியது. “வண்டி ஆஃப் பண்ணிட்டீங்களா?” ஆஃப் பண்ணியிருந்தார். “நீங்க கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா?” 

கங்கப்பன் கண்ணை உருட்டினார். “நான் நின்னா கரண்ட் துள்ளுதா? ஏம்மா, என் மேல பேய் கீதா?” என்றாலும் போய் நின்றார். அவருக்கும் உள்ளூர என்னவோ பயம் வந்திருக்க வேண்டும். அப்போதும் துள்ளியது.

எல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஒவ்வொன்றாகப் பிடித்து ஒவ்வொன்றாக விட்டாள். கதவைச் சாத்திப் பார்க்கலாம், வெயில் பட்டு ஏதாவது சூடாகிறதோ என்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ரூம் இருட்டாயிற்று.

“இருட்டுல எப்பிடி நம்பர எழுதறது?” என்று முனிராஜ் கை நீட்டிப் பட்டை விளக்கின் சுவிட்சைத் தட்டினான்.

கோடு படுத்துக்கொண்டது. நாற்பத்தைந்து.

மாதேஸ்வரி திரையைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள்.

“மாமா, வெளக்க எப்ப அணைச்சீங்க?”

“வெயிலு வந்ததும் அணைப்பேன். தெனமும் அப்பிடித்தான். வெளிச்சத்துல வெளக்கு எதுக்கு, கரண்டு வீண்தான?”

“மறுக்கா அணைங்க.”

அணைத்தான். துள்ளியது. போட்டான். படுத்தது. ஐந்து தடவை அணைத்துப் போட்டார்கள். வாசலில் கேனோடு நின்றவர்கள், புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை அணைத்து விளையாடுகிறார்கள் என்று என்னென்னவோ பேசியது அவர்கள் காதில் விழவே இல்லை.

அவள் ஹரீஷ்குமாருக்குப் போன் செய்தாள். அவன் தூக்கக் கலக்கத்திலேயே எல்லாம் கேட்டுக்கொண்டான்.

“அக்கா, லோடு ரொம்பக் கம்மியானா உள்ள இருக்கற ஐ.சி. சிப்பு தூங்கித் தூங்கி எந்திரிக்கும். கரண்ட் மிச்சம் பண்றதுக்கு அப்பிடி ஒரு ஏற்பாடு. எந்திரிக்கறப்ப ஒரு துள்ளு துள்ளும். வெளக்கு எரிஞ்சா லோடு இருக்கு, தூங்காது. நாமதான் ஃபுல் லோடுல மட்டும் டெஸ்ட் பண்றோமே, நமக்கு எப்பிடித் தெரியும்?”

“கொறஞ்ச லோடுல நாம ஒருநாளும் பாத்ததே இல்ல, சார்.”

“இல்லக்கா. யாரும் கேக்கல.”

ஒன்றரை மாசம் ஏன் நன்றாக இருந்தது என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை முழுக்க மூட்டம். விளக்கு அணையவே இல்லை. மழை விட்டு வெயில் வந்த நாளிலிருந்து தகராறு. கரண்டை மிச்சம் பிடிக்க இவன் விளக்கை அணைத்தான். கரண்டை மிச்சம் பிடிக்கப் பெட்டி தூங்கியது. இரண்டு சிக்கனமும் சேர்ந்து ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டன. கீழ்த்தெருக்காரர் வேலைக்கு ஓடுகிறவர்கள், ஏழு மணிக்கு முன் ஊற்றிவிடுவார்கள். கொல்லைக்காரர் வெயில் வந்த பிறகு வருவார்கள். சாயந்தரம் கிழக்கு வாசல் ரூம் இருட்டு, எல்லோருக்கும் விளக்கு எரியும். ஊர் முழுக்க ஆளைப் பார்த்தது. மணியைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கூட்டம். இருபது இருபத்தைந்து பேர் ரூமுக்குள்ளும் வாசலிலும் நின்றார்கள். சென்னகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, “சொல்லுப்பா முனிராஜு” என்றார். முனிராஜ் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முன்னால் வந்து கங்கப்பனின் பாலையே ஒரு சொம்பில் வாங்கினாள். விளக்கைப் போட்டு மூன்று தடவை வைத்தாள். நாலு ஒன்று, நாலு ஒன்று, நாலு ஒன்று. விளக்கை அணைத்து மூன்று தடவை வைத்தாள். மூன்று ஐந்து, நாலு ஏழு, மூன்று எட்டு.

“வெளக்கு போட்டா பாலுல ஃபேட்டு ஏறுமா?” என்றார் கங்கப்பன்.

“ஏறாதுண்ணா. பாலு அதேதான். மெஷினுக்குப் போற கரண்டுதான் ஆடுது.”

“ஏன் ஆடுது?”

“கரண்டுப் பெட்டிண்ணா. வேல கொஞ்சமா இருந்தா அது சரியா நிக்கறதில்ல.”

“அந்தப் பெட்டி யார் கொண்டாந்தது?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு நேற்றே தெரியும். நேற்று முழுக்க அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் கையைச் சுத்தம் என்று காட்டப் போனால் அவள் கைதான் நடுவில் வந்து நிற்கும்.

“நான்தாண்ணா கொண்டாந்தேன். எங்க கம்பெனிப் பெட்டி. நான்தான் டெஸ்ட் பண்ணிப் பாஸ் போட்டேன். தப்பு எங்களுது. கொறஞ்ச லோடுல பாக்காம விட்டுட்டோம்.”

“ஆகா. புருசன் அளக்கறதுக்குப் பொண்டாட்டி பெட்டி செஞ்சு தர்றா. கேளுங்கப்பா நியாயத்த.”

இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். மாதேஸ்வரி பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துத் தலைவர் முன்னால் விரித்தாள்.

“தலைவரே, போன வாரம் நீங்க காலையில எட்டு மணிக்கு ஊத்தினீங்க. நாலு ஒம்பது போட்டிருக்குது. உங்க மாடு சாயந்தரம் எப்பவும் நாலுதான். அதுவும் பொய்தாங்க. ஏழு மணிக்கு மேல ஊத்தின எல்லாத்துக்கும் ஆடியிருக்குது. கொறஞ்சவங்க கத்தினாங்க. ஏறினவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு பலபேர் சிரித்தார்கள். சென்னகிருஷ்ணன் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூக்கைத் தேய்த்தார்.

“புதுப் புண்ணாக்கு போட்டேன், அதான் ஏறுச்சுன்னு நெனச்சேன். எங்க வீட்டம்மா சரோஜாகிட்ட வேற பெருமையாச் சொல்லிட்டேனே” என்றார். “சரி விடுங்க. மெஷினுக்குன்னு கம்பெனிக்காரன் தர்ற அடாப்டரயே வாங்கிடுவோம். அது வர்ற வரைக்கும் முனிராஜு, நீ வெளக்க அணைக்காத. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.”

கங்கப்பன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற வம்சமும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “நாளைக்கி நானும் ஆறரைக்கே வந்துர்றேன். எதுக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். 

எல்லோரும் போன பிறகு இருவரும் ரூமைக் கழுவினார்கள். முனிராஜ் கப்புகளை வெந்நீரில் அலசினான். அவள் ஸ்கோப்பின் ஒயரைச் சுருட்டினாள். வெயில் வாசல் தாண்டி வந்து கிடந்தது. விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

“புதன்கெழம பெட்டி சரின்னு சொன்னியே” என்றான் அவன், திரும்பாமல். “மெஷினும் சரி, பெட்டியும் சரி. அப்பறம் நீ என்ன நெனச்ச?”

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாரும் பொய்தான் சொல்வார்கள்.

“நீங்கதான் பண்றீங்கன்னு நெனச்சேன் மாமா.”

“எத்தினி நாளு?”

“ரெண்டு நாளு. வெள்ளிக்கெழம காத்தால வரைக்கும்.”

அவன் ஒரு கப்பைக் கவிழ்த்து வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அவன் கத்துவான், அல்லது ஒன்றும் பேசாமல் வெளியே போய்விடுவான் என்று அவள் காத்திருந்தாள். இரண்டுக்கும் அவனுக்கு நியாயம் இருந்தது.

“நான் மூணு நாளு நெனச்சேன்” என்றான்.

“யார?”

“என்னத்தான். மெக்கானிக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். நீயும் சரின்னுட்ட. நீ சொன்னா தப்பா இருக்காதில்ல? அப்ப மிச்சம் நான் ஒருத்தன்தான. கங்கப்பண்ணன் மேல உள்ளுக்குள்ள இருக்கற கோவம், எனுக்கே தெரியாம ஏதோ பண்ணுதோன்னு பாத்தேன். கப்பக் கம்மியா வெக்கறனோ, எங்கயாவது அமுக்கறனோன்னு. பால வெக்கறப்பல்லாம் என் கையவே பாத்துக்கினு இருந்தேன், மாதேசி.”

அவளுக்கு அழுகை வந்தது. ஊரே சேர்ந்து அவனைத் திருடன் என்று சொன்னபோது வராத அழுகை.